கிண்ணத்தில் போட்ட ஓட்டை

முடிச்சூர்ப் பக்கம் நெல் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே முதல் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டவன் நான். மின்கம்பம் நாலு தெரு தள்ளியே நின்றுவிட்டது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை என் வாசல் வரை கொண்டுவந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, குரோம்பேட்டையில் ஒருவரிடம் ஏழு வருஷம் ஆசிட் வாளி தூக்கி, பார்த்துப் பார்த்தே இரும்புக்கு முலாம் பூசும் தொழிலைக் கற்றவன் நான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வண்டிப் பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, கோட்டு போட்ட ஆட்களை எல்லாம் தாண்டி, என் பட்டறைக்கு வேலை கொடுத்தது. பத்தொன்பது பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். ஒரு புயலில் கூரை பறந்தது. மூன்றாம் நாள் தொட்டிகள் ஓடின. இதெல்லாம் ஊர் அறிந்தது. ஊர் அறியாத ஒன்று உண்டு. கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாத முலாம் பட்டறையை அந்தப் பக்கத்தில் முதலில் உண்டாக்கியவனும் நான்தான். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புத் துண்டு துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் துத்தநாகம் பூச வேண்டும். கொக்கிகள் வைத்த சட்டத்தில் துண்டுகளை மாட்டி, மருந்துத் தொட்டியில் இறக்கிக் கரண்டு விட்டால் பூச்சு ஏறும். பிறகு கழுவ வேண்டும். பிறகு மஞ்சள் மருந்தில் ஒரு முக்கு. அப்போதுதான் பொன் மாதிரி மின்னும். மறுபடியும் கழுவ வேண்டும். இந்தக் கழுவுகிற தண்ணீர்தான் எங்கள் தொழிலின் பாவம். போர்வெல் தண்ணீரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்தே விட்டிருப்போம். அது ஒரு சுண்ணாம்புக் குழியில் விழுந்து, கால்வாயில் ஓடி, எங்கேயோ போகும். சுண்ணாம்பில் பட்டுவிட்டால் தண்ணீர் சுத்தம் என்று நம்பினோம். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

அந்த ‘எங்கேயோ’ எது என்று பக்கத்து நிலத்துக்காரர் வந்து காட்டினார். மனை போடாமல் மிச்சம் வைத்த அரை ஏக்கரில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கீரை போட்டுக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு காலை, பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீறே எங் கெணத்த? பாரு. மஞ்சத்தூள கரைச்சா மாதிரி கீது.”

நான் எட்டிப் பார்த்தேன். லேசான மஞ்சள். எங்கள் மருந்தின் நிறம் எனக்குத் தெரியாதா?

“மழைத் தண்ணி கலங்கியிருக்கும்ணா,” என்றேன்.

“மழையா? எந்த ஊர்ல பேஞ்சுது, ஒன் ஊர்லயா? லாரித் தண்ணிக்கு ஜனம் குடத்த வெச்சிகினு நிக்குது. இவுரு மழைன்றாரு.” குடத்தைக் கையில் எடுத்து என் பக்கம் நீட்டினார். “மழைத் தண்ணிதானே? ஒரு வாய் குடி, பாக்கலாம்.”

நான் குடிக்கவில்லை. ஷெட் போட்ட புதிதில், குழாய் வருவதற்கு முன், நாங்கள் எல்லோரும் அவர் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. குடத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் மனு எழுதிப் போட்டாரோ வேறு யாராவது போட்டார்களோ தெரியாது. இரண்டு வாரத்தில் கழிவு நீரைச் சோதிக்கும் சர்க்கார் அதிகாரி ஒருவர் வந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். அடுத்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் கழிவு நீர் வெளியே போவதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கரண்டைத் துண்டித்து ஷெட்டைப் பூட்டுவோம் என்று அதில் இருந்தது. கடிதத்தைக் கம்பெனியில் படிப்பறிந்த ஒருவரிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவையும் அதேதான்.

சுத்திகரிக்கிற இயந்திரம் விற்பவர்கள் வந்தார்கள். படம் படமாகக் காட்டினார்கள். அவர்கள் காட்டிய இயந்திரம் என் ஷெட்டைவிடப் பெரியது. அதை வைத்தால் தொட்டிகளைத் தெருவில்தான் வைக்க வேண்டும். தண்ணீரை அழுக்காக்கிவிட்டு அப்புறம் சுத்தம் செய்வது படித்தவர்கள் வழி. அழுக்காகாமலே இருக்க என்ன வழி என்றுதான் என் புத்தி போனது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை என்றாலும் பரவாயில்லை.

முதல் வழி என் வீட்டுப் பின்பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்த வருஷங்கள் அவை. தாம்பரத்தைச் சுற்றி எல்லா வீட்டிலும் பாத்திரத்தை அகன்ற அலுமினியப் பாத்திரமான அன்னக்கூடை மூன்றில்தான் கழுவினார்கள். முதல் கூடையில் அழுக்குத் தண்ணீர், இரண்டாவதில் அதைவிடத் தேவலை, மூன்றாவதில் நல்ல தண்ணீர். முதல் கூடை ரொம்பவும் அழுக்கானால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவதை முதலாக்கி, மூன்றாவதை இரண்டாவதாக்குவார்கள். ஒரு குடம் தண்ணீரில் ஒரு வீட்டுப் பாத்திரம் முழுக்க முடியும். என் மனைவி அப்படிக் கழுவுவதை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன் நான்.

கழுவு தொட்டியை மூன்றாக்கினேன். துண்டுகள் இந்தப் பக்கமிருந்து போகும். தண்ணீர் அந்தப் பக்கமிருந்து எதிரே வரும். குழாயைத் திறந்தே விடுவது நின்றது. முதல் தொட்டியில் தங்கிய தண்ணீரில் இருப்பதும் எங்கள் மருந்துதானே? மருந்துத் தொட்டியில் வெயிலுக்கு ஆவியாகிக் குறைந்ததை அதை ஊற்றியே நிரப்பினேன். வாய்க்காலாக ஓடியது ஒரு நாளைக்குப் பத்து வாளியாகக் குறைந்தது.

ஆனால் அந்தப் பத்து வாளி குறையவே மாட்டேன் என்றது. மஞ்சள் மருந்துக்கு அடுத்த முதல் தொட்டி மத்தியானத்துக்குள் கெட்டிப்பட்டுவிடும். காரணம் ஒரு கிண்ணம். கம்பெனி எங்களுக்கு அனுப்பிய வேலையில் பெரும்பகுதி, வண்டியின் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புக் கிண்ணம். பாயசக் கிண்ணம் அளவு இருக்கும். வாய் மேலே பார்த்தபடி சட்டத்தில் மாட்டுவோம். மருந்திலிருந்து தூக்கும்போது ஒவ்வொரு கிண்ணமும் கால்வாசி மருந்தை உள்ளே வைத்துக்கொண்டே வரும். நேராக அதைக் கழுவு தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டும். நாள் முழுக்க ஆயிரம் கரண்டியால் மருந்தை மொண்டு தண்ணீரில் ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான்.

சட்டத்தில் துண்டு மாட்டும் வேலையில் ஒரு பெண் இருந்தாள். கோவளத்துக்குப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்து முடிச்சூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அம்மா தலைச்சுமையாக மீன் விற்றவர். அவள்தான் சொன்னாள்.

“கவுத்து மாட்டுண்ணா. எங்கம்மா மீன் கூடைய அப்படியே தூக்காது. சாய்ச்சு வெச்சு, தண்ணிய வடியவுட்டுத்தான் தலைல வெக்கும். இல்லாங்காட்டி மூஞ்சிலயே ஊத்தும்.”

“இத்தினி நாளா ஏம்மா சொல்லல?”

“நீ எங்க எங்கள கேட்ட? நீதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே எல்லாச் சட்டங்களிலும் கொக்கியை வளைத்துக் கிண்ணங்களைக் கவிழ்த்தேன். மருந்து ஒரு சொட்டு வரவில்லை. கழுவு தொட்டி சாயங்காலம் வரை தெளிவாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலையை அப்படியே முடித்து, பெட்டி பெட்டியாகக் கட்டிக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு கிண்ணத்தையாவது திருப்பி உள்ளே பார்த்தோமா? பார்க்கவில்லை. முப்பது வருஷத் தொழில்காரன், பார்க்கவில்லை.

அத்தனையும் திரும்பி வந்தது.

ஒவ்வொரு கிண்ணத்தின் உள்ளடியிலும் கறுப்பாக ஒரு வட்டம். பூச்சே ஏறவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டு தண்ணீரை நுழையவிடாது. குளிக்கும்போது சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டு. அது எனக்கு மறந்துபோனது. வாயை மேலே வைத்தால் மருந்து தங்குகிறது. கவிழ்த்தால் காற்று தங்குகிறது. கடிதத்தில் போட்டிருந்த மூன்று மாதத்தில் ஒன்றரை மாதம் போய்விட்டது. இப்போது கம்பெனியின் கோபமும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் என் மனைவி, “ஊர்ல இருக்கிற பட்டறைக்காரங்கல்லாம் மடையன், உங்களுக்கு மட்டும் மூளை வழியுது” என்றாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டுத்தான் சொன்னாள். எனக்கு இறங்கவில்லை. பூட்டு விழுந்தால் அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காது. ஆசிட் பட்ட கையோடு போய் நின்றால் யார் சேர்ப்பார்கள்? என் கையும் அப்படிப்பட்டதுதான்.

மறுநாள் திரும்பி வந்த கிண்ணங்களைத் தரையில் கொட்டி, பூச்சை ஆசிட்டில் கரைத்து எடுப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் ஒரு கிண்ணத்தைத் தூக்கி என்னிடம் போட்டாள்.

“அண்ணா, இது ஒண்ணு மட்டும் நல்லா கீது. இத ஏன் திருப்பி அனுச்சாங்க?”

உள்ளே அடி வரைக்கும் தங்கம் மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஓர் ஓட்டை. எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறவர்கள், அன்று முதலில் சரியாக வந்த துண்டில் ஓர் ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து மெஷின்மேல் மாதிரிக்குத் தொங்கவிடுவார்கள். அப்படித் தொங்கிய ஒன்று கம்பி அறுந்து மற்றவற்றோடு கலந்து எங்களிடம் வந்திருக்கிறது. ஓட்டை இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. மருந்து உள்ளே வந்து, தூக்கியதும் வடிந்தும் போயிருக்கிறது.

 கிண்ணத்தை எப்படி மாட்டுவது என்றே இத்தனை நாள் யோசித்தேன். கிண்ணத்தையே மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

டிரில் மெஷினில் பத்துக் கிண்ணத்துக்கு ஓட்டை போட்டு முலாம் பூசினேன். பத்தும் அப்பழுக்கில்லாமல் வந்தன. ஒரு பையில் கிண்ணங்கள், ஒரு பக்கெட், வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள்தூள். தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினேன். பெட்டி முழுக்கக் காட்டாங்குளத்தூரில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள்.

“அங்கிள், பக்கெட்ல என்ன, மீனா?”

“ஃபேக்டரி,” என்றேன். “முழு ஃபேக்டரியும் இதுக்குள்ள இருக்கு.”

“அப்ப எங்களுக்கும் ஒரு வேல போட்டுக் குடுங்க அங்கிள்!” என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே போனேன். 

கம்பெனியில் வரைபடம் போடும் அறை ஏ.சி. அறை. கிண்ணத்தை வரைந்த இன்ஜினியருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பையன்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“அண்ணா, இது டிராயிங்ணா. நம்ம இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியாது. ஸ்ட்ரென்த் போயிடும். கிளீன் பண்றது உங்க சைடு பிராப்ளம், டிசைன்ல கை வைக்காதீங்க.”

“கை வைக்கல சார். கொஞ்சம் தண்ணி மட்டும் குடுக்கச் சொல்லுங்க.”

பக்கெட்டில் தண்ணீர் வாங்கி மஞ்சளைக் கரைத்தேன். அவன் மேஜையில் இருந்த கண்ணாடி ஜாடித் தண்ணீரைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். ஓட்டை இல்லாத கிண்ணத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கித் தூக்கி ஜாடிக்குள் விட்டேன். ஜாடி மஞ்சளாயிற்று. வேறு தண்ணீர் வாங்கி, ஓட்டை போட்டதை முக்கி, ஒரு நொடி வடியவிட்டு ஜாடிக்குள் விட்டேன். லேசாக ஒரு கோடு ஓடியது, அவ்வளவுதான். மேஜைமேல் கொஞ்சம் சிந்திவிட்டது. அவன் காகிதங்களை அவசரமாக எடுத்தான்.

“சார், இது ஒரு கிண்ணம். நீங்க ஒரு நாளைக்கு எத்தன அனுப்புறீங்க? அத்தன தடவையும் இந்த மஞ்சள் ஒருத்தர் கெணத்துக்குப் போவுது. நான் பூசறப்போ அழுக்காவறது இல்ல சார். நீங்க வரையறப்பவே அழுக்காயிடுது.”

அவன் ஓட்டை போட்ட கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாகப் பார்த்தான். “மழைத் தண்ணி இதுல தேங்கித் துருப்பிடிக்குதுன்னு ஏற்கெனவே கம்ப்ளெயின்ட் இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்து, “டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்ணா,” என்றான்.

டெஸ்ட் மூன்று வாரம் நடந்தது. அந்த மூன்று வாரத்தில் எனக்கு எத்தனை கிலோ குறைந்தது என்று என் பெல்ட்டைத்தான் கேட்க வேண்டும். நாலாவது வாரம் அவனே போன் செய்தான். “பாஸாயிடுச்சுண்ணா. டிராயிங் மாத்தியாச்சு. இனிமே ஓட்டையோடதான் வரும்.” போனை வைத்துவிட்டு ஷெட்டின் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.  உள்ளேயிருந்து யாரோ, “மொதலாளிக்கு இன்னா ஆச்சு?” என்றார்கள். அந்தப் பெண், “ஒண்ணும் ஆவல. பஜ்ஜிக்குக் காசு தேடிகினு கீறாரு,” என்றாள்.

ஓட்டை போட்ட கிண்ணத்தைக் கவிழ்த்து மாட்டினோம். பத்து வாளி ஒன்றரை வாளி ஆயிற்று. அதை அகலமான ஒரு தொட்டியில் ஊற்றி மேலே வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை போட்டு வெயிலில் காயவிட்டேன். அடியில் தங்கிய கசடை மூட்டை கட்டி, அதற்கென்று உள்ள இடத்துக்கு அனுப்பினேன். கால்வாய்க்குப் போகும் குழாயை நானே சிமென்ட் வைத்து அடைத்தேன்.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அதிகாரி பாட்டிலோடு வந்தார். கால்வாயில் தூசி பறந்தது.

“தண்ணி எங்கய்யா?”

“இல்ல சார்.”

“இல்லன்னா? வேற எங்க பைப் விட்டிருக்கே? உண்மையச் சொல்லு.”

ஷெட்டைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டினார். கூட வந்தவரை விட்டு இரண்டு இடத்தில் மண்ணைத் தோண்டச் சொன்னார். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கீரைக்காரர் குரல் கொடுத்தார்.

“நானும் ஒரு வாரமா தேடிட்டேன் சார். ஒண்ணும் கெடைக்கல. ஆனா சும்மா வுடாதீங்க, இன்னும் ரெண்டு எடம் தோண்டுங்க. எனக்கு வாழக்கன்னு வெக்க ஆவும்.”

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தொட்டியையும் அவருக்கு விளக்கினேன். கிண்ணத்தைக் காட்டினேன். பாட்டிலில் பிடிக்கத் தண்ணீர் இல்லாததால் காலியாகவே எடுத்துப் போனார். ஒரு மாதத்தில் இன்னொரு கடிதம் வந்தது. பட்டறை நடக்கலாம் என்று அதில் இருந்தது. அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. ரசம் சோறுதான்.

கிணறு உடனே தெளியவில்லை. இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை கீரைக்கு லாரித் தண்ணீர் என் பொறுப்பில் போயிற்று. தெளிந்த தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்துச் சரி என்று வந்தபிறகு, அவர் அதே மாதிரி ஒரு குடத்தில் கொண்டுவந்தார். என் பக்கம் நீட்டினார். இந்தத் தடவை குடித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை அந்தக் கம்பெனிக்குப் போனபோது வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய படம் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓட்டை போட்ட கிண்ணம். கழிவு உண்டாகாதபடி வடிவமைத்ததற்காகக் கேடயம் வாங்கியிருக்கிறார்கள். இன்ஜினியர் பெயர் இருக்கிறது, அவனுடைய மேலதிகாரிகள் நாலு பேர் பெயர் இருக்கிறது. இன்ஜினியரிடம் கேட்டேன். பாவம், அவன் சங்கடப்பட்டான். “டிராயிங்ல மாத்தம் எழுதுற கட்டத்துல வெண்டர் பேருக்கு இடம் இல்லண்ணா,” என்றான். வெளியே இருந்து வேலை வாங்கிச் செய்கிறவனுக்கு அங்கே அப்படிப் பெயர். கிண்ணத்தின் நடுவில் இடம் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்குக் காகிதத்தின் ஓரத்தில் முடியாதா?

கம்பெனிக்காரர்களே, கேடயம் எனக்கு வேண்டாம். வைக்க இடமில்லை. அந்த வரைபடத்தில், ஓட்டை என்று எழுதியிருக்கும் வரிக்குப் பக்கத்தில், சொன்னவன் யார் என்று எழுத வேண்டும். கவிழ்க்கச் சொன்னதும் நல்ல கிண்ணத்தைப் பொறுக்கி எடுத்ததும் அந்தப் பெண். அவள் பெயரையும் எழுதுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கிண்ணத்தை மாற்ற வேண்டும் என்று பக்கெட்டோடு ரயிலேறி வந்து, உங்கள் மேஜையில் மஞ்சளைக் கொட்டியவன் நான். என் பங்கை என் பெயரில் எழுதுங்கள். நான் உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று வந்து படித்துப் பார்க்க வேண்டும்.